முட்டை இல்லாத கேக்: சூரியகாந்திக்கு இதில் என்ன வேலை?

குற்றால சீசன் வந்தாலே, தென்காசி பக்கத்தில் இருக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கும் கூட்டம் வந்துவிடும். சூரியகாந்தி வயலில் ஒரு செல்ஃபி, 'ரோஜா' (1992) படம் எடுத்த ஊரில் ஒரு ரீல்ஸ். அந்தச் சூரியகாந்தி விதையில் எண்ணெய் மட்டும் இல்லை. கேக்கில் முட்டை செய்யும் வேலைகளில் ஒன்றைச் செய்யும் லெசித்தினும் இருக்கிறது.

முட்டைக்கு அப்படி என்ன வேலை?

நான்கு வேலை. வெள்ளைக்கரு நுரைத்துக் காற்றைப் பிடித்து வைக்கும். சூட்டில் புரதம் இறுகி, கேக் அமுங்காமல் தாங்கும். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் ஈரப்பதமும் கிடைக்கும்.

அப்போ லெசித்தின் போட்டா போதுமா?

போதாது. சூரியகாந்தி, சோயா கச்சா எண்ணெயில் தண்ணீர் சேர்க்கும்போது பிசின் போலப் பிரிந்து வருவதுதான் லெசித்தின். பிஸ்கட் பாக்கெட்டில் 'எமல்சிஃபையர் 322' என்று இருக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும், கேக்கைத் தாங்காது.

வீட்டில் 1 முட்டைக்குப் பதிலாக என்ன போடலாம்?

• ஆளி விதைப் பொடி 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன். 10 நிமிடம் ஊறினால் வழவழப்பாகும். குக்கீ, மஃபினுக்குச் சரி.
• மசித்த வாழைப்பழம் கால் கப். ஈரம் தரும், ஆனால் வாழைப்பழ வாசனை வரும், கேக் கொஞ்சம் கனமாகும்.
• கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன். வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும். 2014-ல் இதைக் கவனித்துச் சொன்னவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசல்.

எங்கே சொதப்பும்?

1, 2 முட்டை கேட்கும் ரெசிபியில் பிரச்சினை இல்லை. 4, 5 முட்டையை நம்பி நிற்கும் ஸ்பாஞ்ச் கேக்கில் அப்படியே மாற்றினால் அமுங்கிவிடும். அதற்கு முட்டையே இல்லாமல் எழுதிய ரெசிபியை எடுப்பதுதான் பாதுகாப்பு.

எக்லெஸ் என்றால் வீகனா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேக்கரி எக்லெஸ் கேக்கில் பெரும்பாலும் தயிர், கண்டென்ஸ்டு மில்க், வெண்ணெய் இருக்கும். பச்சைப் புள்ளி இருந்தாலும் பால் இருக்கலாம். வீகன் உணவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-ல் தனி விதிமுறையே கொண்டுவந்தது. அதற்குத் தனிச் சின்னமும் உண்டு.

பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு 'எக்லெஸ்தானே' என்று கேக் ஊட்டுவது ஆபத்து. முட்டை அலர்ஜி என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: முட்டை கேக் அடிக்கும் அதே மிஷினில்தான் இதையும் அடிக்கிறார்களா?