கவர்னர் எண்ணிய மெஜாரிட்டி

1952-ம் வருஷத் தேர்தலில் சென்னை ராஜ்யத்து மக்கள் காங்கிரசுக்கு மெஜாரிட்டி கொடுக்கவில்லை. 375 இடங்களில் அதற்குக் கிடைத்தது 152 தான். முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களில் ஜெயித்தது. தோழர் பி. ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே மதுரையில் வெற்றி பெற்றார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1950 பிப்ரவரி 11-ம் தேதி, நம் சேலம் சிறையில் 22 தோழர்களைச் சுட்டுக் கொன்ற சர்க்காருக்கு ஜனங்கள் கொடுத்த பதில் அது.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். ஆந்திரத்துப் பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியும் மற்றவர்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்தார்கள். 166 பேர் தங்கள் பக்கம் என்றார்கள். 152-ஐ விட 166 பெரிது என்பது மில்லில் நூல் எண்ணுகிற பையனுக்கும் தெரியும். கவர்னர் ஸ்ரீ பிரகாசாவுக்குத் தெரியவில்லை! எந்தத் தொகுதியிலும் நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்தார்கள். ஏப்ரல் 10-ம் தேதி அவர் முதல் மந்திரியானார். அந்த நியமன இடங்கள் இலக்கியம், கலை, விஞ்ஞானம், சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று ஏற்பட்டவை. ராஜாஜி எழுத்தாளர்தான், நாம் மறுக்கவில்லை. கதை எழுதவா அவரைக் கூப்பிட்டார்கள்? தோழர் ராமமூர்த்தி ஹைக்கோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடியாயிற்று.

பதவி கைக்கு வந்த பிறகு மெஜாரிட்டி தானாக வந்தது. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. ஜூலை 3-ம் தேதி ஓட்டெடுப்பில் 200 பேர் சர்க்கார் பக்கம், 151 பேர் எதிர்ப்பக்கம். காங்கிரசுக்கு எதிராக ஓட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் அந்த 200-ல் இருந்தார்கள் என்று ஓட்டுப் போட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

இது சென்னையில் மட்டும் கண்ட வித்தையல்ல. யுத்தத்துக்குப் பிறகு பிரான்சிலும் இத்தாலியிலும் கம்யூனிஸ்டுகள் கூட்டு மந்திரிசபையில் இருந்தார்கள். 1947 மே மாதத்தில் இரண்டு நாட்டிலும் வெளியேற்றப்பட்டார்கள்.

ஆனாலும் சட்டசபையில் 62 பேர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே தஞ்சாவூரில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் நின்றார்கள். அதே ராஜாஜி சர்க்கார் 1952 ஆகஸ்டில் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. குலக்கல்வித் திட்டம் கிளப்பிய எதிர்ப்பில் 1954-ல் அவர் பதவியை விட்டார்.

சேர்வராயன் மலையடியில் குப்பனூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஏறுகிற கூலியாட்கள் எங்களிடம் கேட்கிறார்கள்: "ஓட்டு நாம போடறோம், மந்திரியக் கவர்னர் போடறாரே?" நியாயமான கேள்வி. 2017-ல் கோவாவில் 40-ல் 17 இடம் பிடித்த காங்கிரஸ்தான் பெரிய கட்சி. அழைப்பு பாரதிய ஜனதாவுக்குப் போயிற்று. தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டே போதும் என்றார்கள். மறு வருஷம் கர்நாடகத்தில் காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் அதே மாதிரிக் கூட்டுச் சேர்ந்து மெஜாரிட்டி காட்டின. அங்கேயோ பெரிய கட்சிக்குத்தான் முதலிடம் என்று எடியூரப்பாவை அழைத்தார்கள். படி ஒன்றுதான், அளக்கிற கை சாய்கிறது.

தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணியை முதலில் அழைக்க வேண்டும் என்று சர்க்காரியா கமிஷன் 1988-ல் எழுதி வைத்தது. 1952-ல் நம் முன்னணி தேர்தல் முடிந்த பிறகுதான் கூடியது. மெஜாரிட்டியைச் சபையிலேதான் எண்ண வேண்டும் என்று 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கர்நாடகத்தில் அப்படி எண்ணச் சொன்ன அன்று, 2018 மே 19-ம் தேதி, ஓட்டெடுப்பு நடக்கும் முன்பே எடியூரப்பா ராஜினாமாக் கடிதத்தோடு கிளம்பிவிட்டார்.