மதிப்பெண் குறைந்தால் எம்.பி.ஏ. கனவு முடிந்துவிடுமா?

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு முடிவுகள் வெளியானதும் பல வீடுகளில் ஒரே காட்சிதான். தொண்ணூற்றைந்துக்கு மேல் எதிர்பார்த்த பிள்ளை அறுபது, எழுபது பெர்சன்டைலோடு வந்து நிற்கிறான். வீட்டில் கவலை சூழ்கிறது. அந்த நேரம் பார்த்து, "சீட் இருக்கிறது, முன்பணம் கட்டினால் போதும்" என்று எங்கிருந்தோ தொலைபேசி அழைப்பு வருகிறது. குறைந்த மதிப்பெண்ணால் வரும் இழப்பைவிட, அந்த மதிப்பெண் தந்த வெட்கத்தில் அவசரமாக எடுக்கும் முடிவால் வரும் இழப்பு பெரியது. போடிநாயக்கனூர், கம்பம் பள்ளத்தாக்கு, அதற்கு மேலே ஏலமலைத் தோட்டங்கள் என்று வாழும் நம் குடும்பங்கள் இதைக் கவனமாக யோசிக்க வேண்டும்.

முதலில் பெர்சன்டைல் என்றால் என்ன என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அது நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கு அல்ல. 70 பெர்சன்டைல் என்றால் தேர்வு எழுதியவர்களில் சுமார் 70 சதவீதம் பேரை உங்கள் பிள்ளை முந்தியிருக்கிறான் என்று பொருள். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வுக்கு ஆண்டுதோறும் சுமார் 3 லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். நாட்டில் உள்ள ஐ.ஐ.எம்.களோ இருபதை ஒட்டித்தான். அங்கே இடம் கிடைக்காததால் பிள்ளை தகுதியற்றவன் ஆகிவிட மாட்டான்.

ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மி.மீ., 7 மி.மீ. என்று தரம் பிரிப்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சல்லடை அளவைச் சொல்லும். நிறத்தையும் மணத்தையும் வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும். நுழைவுத் தேர்வும் அப்படித்தான்.

எந்தெந்தக் கதவுகள்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் கதவு டான்செட். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் இத்தேர்வில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். இதை வைத்து நடக்கும் கலந்தாய்வில் அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்கள் ஆகியவை கிடைக்கும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு இங்கேதான் பயன்படும். நடுத்தர மதிப்பெண் வைத்திருப்பவர், கலந்தாய்வுக்குக் காத்திருக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுவது கையில் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும்.

மத்திய அரசு நிறுவனங்களில் மாநிலத்தின் பி.சி.எம். சான்றிதழ் செல்லாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடுதான். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அதற்கென ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனி விதிகள் இருப்பதால் வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஐ.ஐ.எம்.கள் கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் வேலை அனுபவத்தையும் சேர்த்தே பார்க்கின்றன. பெண்களுக்கும் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் பல ஐ.ஐ.எம்.கள் கூடுதல் புள்ளிகள் தருகின்றன. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற இடங்களில் கலை, வணிகவியல் படித்த பிள்ளைகள் இதை அறியாமல் ஒதுங்கிவிடக் கூடாது.

மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் உண்டு. பெங்களூரில் இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் 1993 முதல் இயங்குகிறது. வேளாண் வணிகம், தோட்டத் தொழில் மேலாண்மையில் முதுநிலை டிப்ளமோ தருகிறது. கேட் மட்டுமின்றி மேட், சிமேட் போன்ற தேர்வுகளின் மதிப்பெண்ணையும் ஏற்கிறது. போடியிலும் வண்டன்மேடு அருகே புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. குவாத்தமாலா ஏலக்காயோடு அரபு நாட்டுச் சந்தையில் போட்டி நடக்கிறது. இந்த வியாபாரத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்

மேலே சொன்ன நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கம் ஐ.ஐ.பி.எம். அதே சுருக்கத்தில் முழுப்பக்க விளம்பரங்களால் நாடெங்கும் அறியப்பட்ட இன்னொரு தனியார் நிறுவனம் இருந்தது. யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இல்லாத அந்த நிறுவனம் எம்.பி.ஏ., மேலாண்மைப் பள்ளி போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தடை விதித்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தியிருந்தன.

எனவே முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? முதுநிலை டிப்ளமோ என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? இரண்டு ஆண்டுக்கும் விடுதியோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் உள்ள மாணவரின் சம்பளம் என்ன? விளம்பரத்தில் வரும் அதிகபட்சச் சம்பளம் ஒருவருடையது. உங்கள் பிள்ளைக்கு அமையப்போவது பெரும்பாலும் நடுவில் உள்ள சம்பளம்தான். படித்து முடித்த இருவரிடமாவது நேரில் பேசுங்கள்.

ஏல விலையை நம்பிக் கடன் வாங்கலாமா?

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. 2021-ல் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை ஏறிய ஆண்டில் பெரும் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டு, விலை இறங்கிய ஆண்டில் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் நிலை தோட்டக்காரருக்கும் வரும், காய் வியாபாரிக்கும் வரும். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும்.

நமக்கு இதில் மார்க்கக் கேள்வியும் இருக்கிறது. வங்கிக் கல்விக் கடன் வட்டியோடுதான் வருகிறது. பெரிய ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே கிடைக்கும் வேலையை வைத்து அதை நியாயப்படுத்துகிறார்கள். பெயர் தெரியாத கல்லூரிக்கு 10 லட்சம் கடன் வாங்குவதற்கு அந்த நியாயமும் இல்லை. நடுத்தர மதிப்பெண் வந்த பிள்ளைக்கு, வட்டிக் கடன் இல்லாமல் படித்து முடிக்கக்கூடிய கல்லூரியே முதல் தேர்வாக இருக்கட்டும். கடையை விட்டு நகர முடியாதவருக்கு இக்னோ எம்.பி.ஏ. இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவுபடுத்தியது. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை வார இறுதியில் வீடு வந்து போக 2023 ஜூன் முதல் போடிக்கு ரயிலும் வந்துவிட்டது. மகளை வெகுதூரம் அனுப்பத் தயங்கும் வீடுகள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. பைத்துல்மாலில் ஒரு பகுதியை உயர்கல்விக்கான அழகிய கடனாக ஒதுக்கி, வேலைக்குப் போனதும் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் செய்யலாம். தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத் நிதியும் இருக்கிறது. கலந்தாய்வு தொடங்கும் முன் ஒரு நாள், ஊரில் எம்.பி.ஏ. முடித்தவர்களை அழைத்துப் பெற்றோரோடு உட்கார வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பிறகு முடிவெடுங்கள். தேர்வை அடுத்த ஆண்டும் எழுதலாம்; கட்டிய முன்பணமும் ஏற்றுக்கொண்ட வட்டியும் எளிதில் திரும்பாது. நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தருவானாக. ஆமீன்.