தானே பொங்கும் கிணறு தானே வற்றுவதில்லை

இறைக்காமலே நீர் பீறிட்டு வரும் கிணற்றை ‘ஆர்ட்டீசியன்’ கிணறு என்று ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். இச்சொல்லுக்கு நீர் என்றோ ஊற்று என்றோ பொருள் இல்லை. பிரான்சின் வடபகுதியில் உள்ள ஆர்த்துவா என்ற பழைய மாநிலத்தின் பெயர் அது. அங்கே லில்லெர் என்னும் ஊரில் 1126-ஆம் ஆண்டிலேயே துறவிகள் இத்தகைய கிணறு தோண்டினர் என்பர். ஊர்ப் பெயர் கிணற்றுக்கு ஆகி, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும் வந்தது.

இரு களிமண் படுகைகளுக்கு இடையே உள்ள மணலில், மேட்டுப் பகுதியில் பெய்யும் மழை இறங்கித் தேங்குகிறது. மேல்நிலைத் தொட்டியின் குழாயைத் திறந்தாற்போல, துளை போட்டதும் நீர் அழுத்தத்தால் மேலே எழுகிறது. துளைகள் பெருகினால் அழுத்தம் குறையும். பாரிஸில் கிரெனெல் என்ற இடத்தில் 1833-இல் தோண்டத் தொடங்கிய கிணற்றில், 548 மீட்டர் ஆழத்தில், 1841-இல் நீர் பொங்கியது. 1861-இல் அதே நகரின் பாஸியில் மற்றொரு கிணறு பொங்கியதும் முதல் கிணற்றின் நீர் குறைந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 1878 முதல் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. நீரைத் திறந்த வாய்க்கால்களில் இரவும் பகலும் ஓடவிட்டதால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஆவியாகவும் கசிவாகவும் வீணாயிற்று. 1999-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வால்வுகளும் மூடிய குழாய்களும் பொருத்தினர். பல இடங்களில் அழுத்தம் மீண்டும் உயர்ந்தது.

நம் கடலூர் மாவட்டத்திலும் புதுவையின் பாகூர்ப் பகுதியிலும் மோட்டார் இன்றியே வயலுக்குப் பாய்ந்த கிணறுகள் பல இருந்தன. பின்னர் பலவற்றில் பொங்குவது நின்று, மோட்டார் வைக்க நேர்ந்தது. இதற்கு விவசாயியை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவதற்காகவும் அடிநீர் பெருமளவில் இறைக்கப்படுகிறது. எனினும் நம் பங்கை நாம் செய்தாக வேண்டும்.

இன்றும் பொங்கும் கிணறு வைத்திருப்போர் வால்வு பொருத்தி, பாசனம் முடிந்ததும் மூடிவிட வேண்டும். குழாயைச் சுற்றிக் கசிவு இருந்தால் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். கைவிட்ட துளைகளையும் திறந்து விடலாகாது. கிணறு ஒருவருடையதாக இருக்கலாம். அதை மேலே தள்ளும் அழுத்தம் ஊராருடையது.