சுவிட்ச் இல்ல பாஸ், ரெகுலேட்டர்!

உங்க கிளாஸ்ல 'சைக்கோ'ன்னு பட்டப்பேர் வாங்கின ஜீவன் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். எங்க ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருந்தான். பொசுக்குனு கோபம், பொசுக்குனு அழுகை. போன் எடுக்கலைன்னா பத்து மிஸ்டு கால். அந்தப் பேரை வெச்ச புண்ணியவான்... சாட்சாத் நானேதான்!

அப்புறம்தான் ஆளுமைக் கோளாறு பத்திப் படிச்சேன். 1994-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டுல 'பார்டர்லைன்' கோளாறுக்கு 9 அறிகுறிகள். அதுல 5 இருந்தா 'உண்டு', 4 இருந்தா 'இல்லை'. சுவிட்ச் மாதிரி! இந்த முறை இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. நம்ம கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 256 காம்பினேஷன் வருது! ஒரே கோளாறுன்னு சொல்லப்பட்ட ரெண்டு பேருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவா இருக்கலாம்.

ஆராய்ச்சியாளர்கள் வேற ரூட் பிடிச்சாங்க. ஏகப்பட்ட பேர்கிட்ட ஏகப்பட்ட கேள்விகள் கேட்டு, எந்தெந்தக் குணங்கள் சேர்ந்தே ஏறி இறங்குதுன்னு பார்த்தாங்க. நாம அரியர் வைக்கிற மேத்ஸ்தான், பேரு ஃபேக்டர் அனாலிசிஸ்! 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பழைய பெட்டிகளைத் தூக்கிப் போட்டுட்டு, பாதிப்பு லேசா, மிதமா, கடுமையான்னுதான் முதல்ல கேட்குது. அப்புறம் ஐந்து குணங்கள். சீக்கிரம் கலங்குறது, மனுஷங்ககிட்டயிருந்து ஒதுங்குறது, அடுத்தவங்க வலியை மதிக்காதது, யோசிக்காமப் பாயுறது, எல்லாமே கச்சிதமா இருக்கணும்னு பிடிவாதம்.

இப்போ நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க... இதுல எதுவுமே உங்ககிட்ட இல்லையா? இந்த ஃபேன் ரெகுலேட்டர்கள் எல்லார்கிட்டயும் இருக்கு, பாஸ். ஒருத்தருக்கு ஒண்ணுல, இன்னொருத்தருக்கு அஞ்சுல. வருஷக்கணக்கா நீடிச்சு, வாழ்க்கையையும் உறவுகளையும் குலைச்சாதான் கோளாறு. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்களோ நானோ இல்ல.

அவன்கிட்ட ஸாரி கேட்டேன். "பரவால்லடா... ஆனா, அந்தப் பேரை நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்"னான். என்கிட்ட பதில் இல்ல. அன்னிலேர்ந்து அவன் போன் பண்ணா, முதல் ரிங்லயே எடுக்கறேன்.

உங்க ரெகுலேட்டர் ஏதாவது அஞ்சுலயே மாட்டிக்கிட்டு நிக்குதா? தயங்காம 14416-க்குப் பேசுங்க. மத்திய அரசோட 'டெலி மானஸ்' சேவை, காசு கிடையாது.

பட்டப்பேர் வைக்கிறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு நிமிஷம் யோசிங்க, ப்ளீஸ்!