கட்டம்போட்ட துணியும் காணாமப்போன நிலமும்

"நமக்குன்னு ஒரு ரெஜிமெண்ட் வேணும்!" போன மாதக் கூட்டத்தில் தம்பி ஒருவன் மைக்கில் முழங்கினான். கைதட்டல் அடங்க நேரமாச்சு. நான் தட்டலை. ஏன்னு சொல்றேன்.

ஸ்காட்லாந்து மலைநாட்டான் கட்டும் கட்டம்போட்ட கம்பளித்துணிக்கு டார்ட்டன் என்று பேர். 1746இல் லண்டன் பாராளுமன்றம் அவன் உடுப்பைத் தடைசெய்தது. மீறினால் ஆறு மாதம் சிறை. மறுபடி மீறினால் ஏழு வருஷம் நாடுகடத்தல். ஒரே ஒரு விலக்கு: ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தால் கட்டலாம்! தடை நீங்கியது 1782இல். பானக்பர்ன் ஊர் வில்சன் குடும்பம் பட்டாளத்துக்கு டார்ட்டன் நெய்து கொழுத்தது. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய மலைநாட்டுக் குடியானவனோ, பண்ணையாரின் செம்மறியாட்டுக்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்டான். துணி மிஞ்சியது, மண் போச்சு.

அந்த மலைநாட்டுப் பட்டாளத்தில் ஒரு பகுதி, 1780 செப்டம்பர் 10இல் நம்ம காஞ்சிபுரத்தை ஒட்டிய புள்ளலூரில் ஐதர் அலி படையிடம் அழிந்தது. கூடச் செத்த கறுப்புச் சிப்பாய்களின் பேரை யார் எழுதி வைத்தார்கள்?

நம்ம கதை மட்டும் வேறா? 1930இல் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடன் சட்டை, பனியன் போடக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் கட்டளை போட்டார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்குக் கோட்டு கிடைத்தது, மறுக்கலை. ஆனா 1890களில் 'வீரசாதி' பேசி மகர்களை வெளியே தள்ளியவனும் அவன்தான். மறுபடி ஆள் தேவைப்பட்ட உலகப்போரில், 1941இல், மகர் ரெஜிமெண்ட் அமைத்தவனும் அவன்தான். இரவல் உடுப்பு, கொடுத்தவன் கேட்டா கழட்டணும்.

ஆவடியில் 1961 முதல் ராணுவ உடுப்பு தைக்கும் அரசுத் தொழிற்சாலை. இடஒதுக்கீடு இருந்ததால் சேரிப்பிள்ளைக்கு அங்கே நிரந்தர வேலைக்கு வழி இருந்தது. 2021 அக்டோபரில் அதையும் ஒரு கம்பெனிக்குக் கீழே கொண்டுபோனார்கள். இந்தப் பிள்ளைப்பாக்கத்தில் தனியார் கம்பெனி வாசலில் நின்னு பாருங்க: நிரந்தரத்துக்கு ஒரு கலர் சட்டை, காண்ட்ராக்டுக்கு வேற கலர். இடஒதுக்கீடு அந்தக் கேட்டுக்கு வெளியே நிக்குது. தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காட்டும் துணி, நவீன டார்ட்டன்!

இதே செங்கல்பட்டுச் சீமையில் பஞ்சமி நிலம் கேட்டதற்காக, 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். சுட்டவன் போட்டிருந்ததும் யூனிஃபார்ம்தான்.

தம்பி, சாதிப் பேரில் ஒரு தொப்பி கேட்காதே. பஞ்சமி நிலத்தைக் கேள். கம்பெனிக்குள்ளே இடஒதுக்கீட்டைக் கேள். சட்டையை நாமே தைச்சுக்கலாம்.