ஐயாவோட ட்ராம்போனும் ஒரு அடி ஓட்டைக் குழாயும்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு சமாச்சாரத்தை இறக்கி வச்சுடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கங்க மக்களே.

எங்க ஊர் அரியக்குடி. பேரைச் சொன்னதும் சங்கீதம் தெரிஞ்சவங்க "ஓ, ராமானுஜ ஐயங்கார் ஊரா!"ன்னு கேட்பாங்க. ஆமா, அவர் ஊர்தான். 1890ல பிறந்து 1967ல மறைஞ்ச மனுஷர். இன்னைக்கு மேடையில நடக்குற கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர்னு அவரைத்தான் சொல்றாங்க. ஆனா எங்க வீட்டு சங்கீதம் வேற. எங்க ஐயா (அப்பாவோட அப்பா) காரைக்குடி பக்கம் ஒரு பேண்டு செட்ல ட்ராம்போன் வாசிச்சவர். கல்யாணம், காதுகுத்து, மாப்பிள்ளை அழைப்புன்னு முப்பது வருஷம். செட்டைக் கலைச்சப்போ முதலாளி பாக்கி வச்ச கூலிக்குப் பதிலா அந்த வாத்தியத்தைக் கொடுத்துட்டார். ஐயாகிட்ட இருக்குற ஒரே சொத்துன்னு அப்பத்தா கிண்டல் பண்ணும்.

அது சாதாரண ட்ராம்போன் இல்ல. பேஸ் ட்ராம்போன், அதுலயும் 'ஜி' சுருதி. லண்டன் முத்திரை போட்டது. பிரிட்டிஷ் பேண்டுகள்ல 1950கள் வரைக்கும் இதுதான் வழக்கம். சாதாரண டெனார் ட்ராம்போன் குழாயை நீட்டிப் பிடிச்சா 9 அடி வரும். இது 11 அடிக்குக் கிட்ட. குழாய் நீளமானா ஒவ்வொரு சுரத்துக்கும் ஸ்லைடை அதிக தூரம் இழுக்கணும். ஏழாவது நிலைக்கு மனுஷன் கை எட்டாது. அதனால ஸ்லைடுல ஒரு கைப்பிடி வச்சிருப்பாங்க, அதைப் பிடிச்சுத் தள்ளணும். சின்ன வயசுல நாங்க அதுக்கு வச்ச பேர் 'அடிபம்பு' :-)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஐயா வாத்தியத்தை எடுத்துக் காட்டினார். வெளி ஸ்லைடோட கீழ்க்குழாயில ரோஸ் கலர்ல புள்ளிகள், நடுவுல ஊசி ஓட்டைகள். பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். வருஷக்கணக்கா உள்ள தேங்கின எச்சில் ஈரம் துத்தநாகத்தை அரிச்சுட்டுப் போயிடும், மிஞ்சுறது பஞ்சு மாதிரி செம்பு. வெளியில தேய்ச்சுப் பயனில்ல, அரிப்பு உள்ளேருந்து வருது.

"காத்து நிக்க மாட்டேங்குது அப்பு. ஒரு குழா கிடைச்சாப் போதும்" என்றார் ஐயா. எண்பதைத் தாண்டியாச்சு. நெஞ்சுல காத்து இருக்கும்போதே ஒரு தடவை ஊதிடணும்னு ஆசை. அடுத்த தை மாசம் தங்கச்சி கல்யாணம் வேற.

நமக்கு என்ன தோணும்? இன்ஜினியரிங் படிச்சிருக்கோம், ஸ்பேர் பார்ட்தானே, வாங்கிப் போட்டா முடிஞ்சது. அங்கதான் மண்டை காய ஆரம்பிச்சது.

முதல்ல காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய செட்டிநாட்டு வீடுகள்லேருந்து வந்த தூண், எனாமல் தூக்கு, கடிகாரம் எல்லாம் குவிஞ்சு கிடக்குற தெரு. ஒரு கடையில கேட்டா குழாய் இல்ல, ஆனா "வாத்தியத்தைக் குடுத்துடுங்க தம்பி, ஓட்டல் வரவேற்பறைக்கு நல்லா இருக்கும்"னு நல்ல விலை சொன்னார். அவர்மேல தப்பில்ல, அவர் வியாபாரம் அது. ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு.

அடுத்து மீரட். நம்ம நாட்டு பேண்டு வாத்தியங்களோட தலைநகர் அது. 1885ல தொடங்கின நாதிர் அலி கம்பெனியைச் சுத்தி வளர்ந்த தொழில். அங்க ஒரு கடைக்குப் போன் பண்ணேன். எனக்குத் தெரிஞ்ச இந்தியில 'ஜி' ட்ராம்போனை விளக்கி முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. புது டெனார் வேணும்னா உடனே அனுப்புறோம், இதுக்கு வாத்தியத்தையே கொண்டு வாங்கன்னாங்க. அரியக்குடியிலேருந்து மீரட்!

"புதுசே வாங்கிடேன்டா"ன்னு நண்பர்கள் எல்லாரும் சொன்னாங்க. நியாயமாத்தான் தெரியும். ஆனா டெனார்ல நிலைகளோட தூரமே வேற. முப்பது வருஷம் அவர் தோளும் முழங்கையும் பழகின தூரம் ஒண்ணு, புதுசுல வர்ற தூரம் ஒண்ணு. நம்ம கீபோர்டுல எல்லா எழுத்தையும் ரெண்டு கட்டை தள்ளி வச்சுட்டு எண்பது வயசுல டைப் பண்ணச் சொல்ற மாதிரி.

கடைசியா இணையத்துல தேடினப்போ ஒரு வேடிக்கை புரிஞ்சது. இங்கிலாந்துல இந்த 'ஜி' ட்ராம்போன்கள் சல்லிசா கிடைக்குது, வாசிக்க ஆள் இல்லாததால. வாத்தியத்தை விட கூரியரும் சுங்கமும்தான் அதிகம். ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கக் கூடாது. ஸ்லைடுங்கறது ரெண்டு உள்குழாய் மேல ரெண்டு வெளிக்குழாய். உள்குழாய் முனையில கொஞ்ச தூரம் மட்டும் தடிச்சிருக்கும், ஸ்டாக்கிங்னு பேரு. உரசுறது அந்த இடம் மட்டும்தான், இடைவெளி மயிரிழை. ரெண்டு குழாயும் தண்டவாளம் மாதிரி இணையா நிக்கணும். அதனால வெளி ஸ்லைடை மட்டும் அப்படியே மாத்தினா ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருந்தாலும் சிக்கலாம். போதாக்குறைக்கு, 1960கள் வரைக்கும் அங்க பித்தளை பேண்டுகள் உயர்ந்த சுருதியில, A=452 பக்கம் வாசிச்சாங்க. அந்த வாத்தியங்களோட குழாயே குட்டை. நம்ம பாஷையில சொன்னா வெர்ஷன் மிஸ்மேட்ச்.

வெர்னியர் காலிபரை வச்சு உள்குழாயோட வெளிவிட்டம், வெளிக்குழாயோட உள்விட்டம், நீளம், ரெண்டு குழாய்க்கும் நடுவுல உள்ள தூரம் எல்லாம் எடுத்தேன். அளவு ஒத்து வர்ற, வாய்மணி கிழிஞ்ச ஒரு வாத்தியத்தை வாங்கினேன். மதுரையில பழைய பேண்டு வாத்தியம் பார்க்குற ஒரு பெரியவர் சூடு காட்டி ஈயத்தை இளக்கி, அரிச்ச குழாயைக் கழட்டி, வந்த குழாயை ஐயாவோட வளைவுலயே பத்தவச்சுக் கொடுத்தார். மூணு நாள் வேலை. கேட்ட கூலியைச் சொன்னா வெட்கமா இருக்கு, நான் மேல போட்டுக் கொடுத்தேன்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். ஓட்டலுக்கு விற்கச் சொன்னவர்மேல சுருக்குன்னு கோபம் வந்ததுன்னேன் இல்லையா? ஆனா நான் பண்ணது என்ன? இன்னொரு வாத்தியத்தைக் கழட்டி உறுப்பு எடுத்தேன். ரெண்டு நாள் தூக்கம் வரல. யோசிச்சதுல ஒண்ணு புரிஞ்சது. சுவத்துல மாட்டினா ஒரு வாத்தியம் முழுசா இருக்கும், ஆனா ஊமை. செத்த வாத்தியத்துலேருந்து குழாய் எடுத்தா ஒண்ணு குறையும், ஒண்ணு பேசும். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. ஆனா மிச்சத்தைத் தூக்கிப் போடக் கூடாது. மீதி மூணு குழாயும் அளவு எழுதின சீட்டோட எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. யாருக்கு வேணும்னாலும் தர்றேன், காசு வேண்டாம்.

நம்மகிட்ட வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் செய்ய ஆள் இருக்கு, பேச ஆள் இருக்கு. கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன், சாக்ஸபோனுக்கு கத்ரி கோபால்நாத் கிடைச்சதால அதுங்களும் மேடை ஏறிடுச்சு. தெருவுல வேர்க்க விறுவிறுக்க ஊதின பேண்டு செட்காரங்களுக்கு யாரும் கிடைக்கல. தஞ்சாவூர்ல சரபோஜி மன்னர் காலத்துலயே மேல்நாட்டு பேண்டு இருந்தது, அதாவது இரு நூறு வருஷ சமாச்சாரம் இது. ஆனா அந்தக் கருவிகளோட அளவையும் ரிப்பேர் வித்தையையும் தமிழ்ல எழுதி வச்சது என் கண்ணுல படல. மதுரைப் பெரியவருக்குப் பின்னாடி அந்தப் பட்டறையில உட்கார ஆள் இல்ல. மாசாமாசம் டாக்குமெண்டேஷன் எழுதச் சொல்லி நம்ம உயிரை வாங்குறாங்களே, அதுல ஒரு பக்கம் இதுக்கு எழுதலாம். அவர் கைவேலையை அடுத்த லீவுல போய் படம் பிடிக்கப் போறேன்.

ஐயா ஊதினாரான்னு கேட்பீங்க. ஊதினார். ஆறாவது, ஏழாவது நிலையில இன்னும் கொஞ்சம் உரசுது. "அஞ்சு போதும் அப்பு, கல்யாண வீட்டுல அதுக்கு மேல யாரு கேட்கப் போறா"ன்னுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டார். அப்பத்தா அடுப்படியிலேருந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிடுச்சு.

டிஸ்கி: உங்க ஊர்ல, உங்க பரண்ல பழைய பேண்டு வாத்தியம் கிடந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னாடி அளவையாவது எடுத்துப் பின்னூட்டத்துல போடுங்க. எங்கேயோ ஒரு பெரியவருக்கு ஒரு அடி குழாய் தேவைப்படும்.