மணிக்கணக்குப் பைத்தியம்

அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. கொரியாவில் பிள்ளைகள் தினமும் பதினாறு மணி நேரம் படிக்கிறார்களாம். சீனாவில் தூங்குவதே இல்லையாம். நம் பிள்ளைகள்தான் ரீல்ஸ் பார்த்துக் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்களாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

சரி, கணக்கே பார்ப்போம். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2015 சுற்றில், பள்ளி, வீடு, டியூஷன் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு எவ்வளவு நேரம் படிக்கிறீர்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பின்லாந்தில் சுமார் 36 மணி நேரம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுமார் 60. அறிவியலில் பின்லாந்து 531 புள்ளி, அமீரகம் 437. வாரத்தில் முழுசாக ஒரு பகலும் ஒரு இரவும் கூடுதலாகப் படித்து 94 புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள்! மணிக்கணக்கு மகான்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இன்னும் பத்து மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்பார்கள்.

கொரியாவை இழுப்பவர்கள், சியோலில் டியூஷன் சென்டர்களை இரவு பத்து மணிக்கு மூடச்சொல்லி விதி இருப்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். சீனா 2021இல் பள்ளிப் பாட டியூஷனை லாபத்துக்கு நடத்தவே கூடாது என்றுவிட்டது. அவர்கள் தலைமுழுகுவதை நாம் தீர்த்தமாகக் குடிக்கிறோம்.

நம் பிள்ளைகள் படிக்காமலா இருக்கிறார்கள்? பீசாவின் 2009 சுற்றில் தமிழ்நாடும் எழுதியது. கிர்கிஸ்தானுக்குப் பக்கத்தில், அடிவரிசையில் இடம். 2012க்கும் 2015க்கும் இந்தியா அந்தப் பக்கமே போகவில்லை. அப்போதும் இங்கே நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விடியற்காலை ஸ்டடிக்கு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டைகட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அமீரகத்துக்கு 60 மணி நேரம் செய்யாததை நாமக்கல்லுக்கு மட்டும் செய்துவிடுமா?

பின்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே பிள்ளைகளை வெளியே விரட்டிவிடுகிறார்கள், பனியானாலும். இங்கே பி.டி. பீரியடுக்கு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதே கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நிற்பார்: "போர்ஷன் முடியலை, உட்காருங்க." பி.டி. வாத்தியாரோ விடைத்தாள் கட்டை எண்ணிக்கொண்டிருப்பார். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், அதற்குத் தனி பீஸ்.